செப்டம்பர் புழுக்கம், நவம்பர் மழை, ஜனவரி ஓட்டம்: சென்னையில் முதல் அரை மாரத்தானுக்குத் தயாராவது

நம் ஊரில் கல்லூரி வாசலிலிருந்து பேருந்து நிலையம் வரை 3 கிலோமீட்டர் ஓடினாலும் ‘மாரத்தான்’ என்றுதான் பேனர் கட்டுவார்கள். கணக்குப்படி மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. அதில் சரிபாதி, 21.0975 கி.மீ., அரை மாரத்தான். ஓடுகிறவர்கள் வாயில் ‘ஹாஃப்’. நெடுந்தூரப் பந்தயம் ஒன்றை முதன்முதலாக ஓட நினைப்பவருக்கு ஹாஃப்தான் பொருத்தம். 10 கி.மீ.யைக் கொஞ்சம் உடற்பழக்கம் உள்ளவர் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுவார். ஃபுல்லுக்கு ஒரு வருடமாவது அடித்தளம் வேண்டும். ஹாஃப் அப்படியில்லை. நான்கு மாதம் ஒழுங்காக ஓடியவருக்குக் கைக்கு எட்டும். ஒழுங்கில்லாதவரை 16-ஆவது கிலோமீட்டரில் காட்டிக்கொடுத்துவிடும்.

சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. அங்கிருந்து 16 வாரம் பின்னால் எண்ணினால் செப்டம்பர் நடுவில் பயிற்சி தொடங்க வேண்டும். ஆக முதல் மாதம் புழுக்கம், நடு இரண்டு மாதம் வடகிழக்குப் பருவமழை, கடைசி மூன்று வாரம் மார்கழி. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதியவை. அவற்றில் புழுக்கமும் கிடையாது, முழங்கால் அளவுத் தண்ணீரும் கிடையாது.

தொடங்கும் முன்

அரை மணி நேரம் நடையும் ஓட்டமுமாகக் கலந்து போக முடிகிறவர்களுக்கு இந்த 16 வாரம் போதும். அதுவும் முடியாதவர்கள் ஜூலையிலேயே தொடங்கி 8 வாரம் நடந்துவிட்டு வாருங்கள். 40 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது சம்பிரதாயம் அல்ல, அவசியம். இசிஜியோடு நிறுத்துவதா, டிரெட்மில் சோதனையும் செய்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பெண்கள் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. இரும்புச்சத்து சேமிப்பு குறைந்திருந்தால் எவ்வளவு ஓடினாலும் மூச்சு வாங்குவது குறையாது. பழியைப் பயிற்சியின் மேல் போடுவோம். சாப்பாட்டோடு காபி, டீ குடிக்கும் பழக்கம் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் கெடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து, நின்ற நிலையில் நீள விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான செருப்பு அளவைவிட அரை சைஸ், சிலருக்கு ஒரு சைஸ் கூடுதலாக வரும். கார்பன் தகடு வைத்த விலை உயர்ந்த பந்தய ஷூ முதல் ஓட்டத்துக்குத் தேவையே இல்லை. சாதாரணப் பயிற்சி ஷூ 500 முதல் 800 கி.மீ. தாங்கும், இந்த 16 வாரத்தில் நீங்கள் ஓடப்போவது அதற்குள்தான் அடங்கும். பருத்தி சாக்ஸ் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உரசிக் கொப்புளம் போடும். பருத்தி டி-சர்ட்டும் அப்படியே.

மெதுவாக ஓடுவது எப்படி

புதிதாக ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் ஒரே தவறு வேகம். இதற்கு உடம்புக்குள் ஒரு காரணம் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் மூன்று நான்கு வாரத்திலேயே பழகிவிடும். ‘இப்போதெல்லாம் மூச்சே வாங்குவதில்லை’ என்று உற்சாகம் வரும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். எலும்புக்குப் புதுச் சுமை வந்தால் முதலில் பழைய திசுவைக் கரைத்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைத்தாயிற்று, கட்டி முடியவில்லை என்ற அந்த இடைவெளியில் உற்சாகமும் சேர்ந்துகொண்டால் அக்டோபரிலேயே கணைக்கால் வலியோடு உட்கார வேண்டியதுதான்.

மெதுவா, வேகமா என்று தெரிந்துகொள்ளக் கைக்கடிகாரம் வேண்டாம், ஒரு திருக்குறள் போதும். ஓடிக்கொண்டே ஏதாவது ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்தால் சரியான வேகம். முதல் அடியின் நான்கு சீரோடு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள். வாரத்தின் ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த ஏழு சீர் வேகத்தில்தான் இருக்க வேண்டும். மணிக்கட்டில் துடிப்பு காட்டும் கடிகாரங்கள் வியர்வையிலும் அசைவிலும் தடுமாறும். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் தோராயமானது, ஆளுக்கு ஆள் பத்து துடிப்புக்கு மேலும் விலகும்.

நடப்பது தோல்வி இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலவே, ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடக்கும் முறையைப் பல்லாயிரம் பேருக்குப் பழக்கியவர். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் நிமிடத்திலிருந்தே வைத்துக்கொள்வதுதான் இதன் சூட்சுமம். களைத்த பிறகு நடந்தால் அது வெறும் களைப்பு. களைக்கும் முன்பே நடந்தால் கடைசி 5 கி.மீ.க்குக் கால் மிச்சம் இருக்கும். முழு தூரத்தையும் இப்படியே முடிக்கலாம்.

16 வாரம்

வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம். செவ்வாய், வியாழன், சனி சிறியவை. ஞாயிறு ‘லாங் ரன்’. திங்கள் முழு ஓய்வு. புதன், வெள்ளியில் 20 நிமிடத் தசைப் பயிற்சி. வேலை நேரத்துக்கு ஏற்ப நாட்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் லாங் ரன்னுக்கு அடுத்த நாள் ஓடாதீர்கள்.

ஞாயிறு தூரம், கிலோமீட்டரில்:

வாரம் 1 முதல் 4: 6, 7, 8, 6
வாரம் 5 முதல் 8: 9, 10, 11, 8
வாரம் 9 முதல் 12: 12, 14, 15, 10
வாரம் 13 முதல் 16: 16, 18, 12, பந்தயம்

4, 8, 12-ஆவது வாரங்களில் தூரம் இறங்குவது அச்சுப்பிழை இல்லை. எலும்பு கட்டிமுடிக்கக் கொடுக்கும் அவகாசம் அது. நன்றாக இருக்கிறதே என்று அந்த வாரங்களில் கூட்டி ஓடுகிறவர்கள்தான் அடுத்த மாதம் பிசியோதெரபிஸ்ட்டைத் தேடுவார்கள். பயிற்சியில் 18-க்கு மேல் போக வேண்டியதில்லை. மிச்சமுள்ள 3 கி.மீ.யைப் பந்தய நாளின் கூட்டமும் ஓய்வெடுத்த காலும் பார்த்துக்கொள்ளும்.

செவ்வாய் 4 கி.மீ.யில் தொடங்கி மெல்ல 7 வரை. சனி 3 முதல் 5. வியாழன் முதல் நான்கு வாரம் வெறும் 4 கி.மீ. ஐந்தாம் வாரத்திலிருந்து வியாழன் ஓட்டத்தின் முடிவில் 20 விநாடி வேகமான, ஆனால் முட்டி மோதாத ஓட்டம், பிறகு ஒரு நிமிடம் நடை என்று 4 முதல் 6 முறை. ஒன்பதாம் வாரத்திலிருந்து வியாழனில் பந்தய வேகத்தைப் பழகுங்கள்: 2 கி.மீ. மெதுவாக, 2 கி.மீ. பந்தய வேகம், 3 நிமிடம் நடை, மறுபடி 2 கி.மீ. பந்தய வேகம், 1 கி.மீ. மெதுவாக. முதல் ஹாஃபுக்கு இதைவிடச் சிக்கலான பயிற்சி வேண்டியதில்லை.

பந்தய வேகம் எது என்பதை 12-ஆவது வாரத்து 10 கி.மீ. சொல்லும். அன்று மட்டும் கடிகாரம் வைத்துக் கடுமையாக ஓடுங்கள். வந்த நேரத்தை 2.2-ஆல் பெருக்கி 5 நிமிடம் கூட்டுங்கள். 70 நிமிடத்தில் 10 கி.மீ. என்றால் 154, கூட்டினால் 159 நிமிடம்: கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 விநாடி. 60 நிமிடக்காரருக்கு 6:30. 80 நிமிடக்காரருக்கு 8:35. அதுவரை, ஒன்பது முதல் பதினொன்றாம் வாரம் வரை, உங்கள் ஏழு சீர் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 20 விநாடி வேகமாக ஓடினால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

தசைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டாம், மாடிப்படி போதும். படி விளிம்பில் முன்பாதம் மட்டும் வைத்துக் குதிகாலைத் தூக்கி, மூன்று எண்ணியபடி மெல்ல இறக்குங்கள், 15 தடவை மூன்று சுற்று, பழகியதும் ஒற்றைக்காலில். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோல் ஸ்க்வாட் 12 தடவை மூன்று சுற்று. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது 12 தடவை மூன்று சுற்று. முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடிக்கும் பிளாங்க் 30 முதல் 45 விநாடி மூன்று முறை. காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நின்றால் கணுக்காலுக்கு அது தனிப் பயிற்சி.

வெயில், புழுக்கம், மழை

செப்டம்பரில் சென்னையில் சூரியன் 6 மணி வாக்கில் எழும். ஏழரைக்கெல்லாம் சுள்ளென்று அடிக்கும். 5 மணிக்கு ஓட்டத்தில் இருங்கள். ஆனால் விடியலில் வெயில்தான் இல்லை, ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் அது ஆவியாகாமல் சொட்டிப் போகும். சொட்டிய வியர்வையால் பயனில்லை. தோலுக்கு ரத்தம் அனுப்ப இதயம் கூடுதலாக அடிக்கும், அதே வேகத்துக்கு மூச்சு வாங்கும். எனவே செப்டம்பர், அக்டோபரில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை மெதுவாகப் போவது இயல்பு. மார்கழிப் பனியில் அந்த நேரம் தானாகத் திரும்பி வரும். வராத வேகத்தை அக்டோபரில் துரத்தாதீர்கள்.

மழைக்காலத்தில் ஒன்றிரண்டு லாங் ரன் போகத்தான் போகும். திட்டம் போடும்போதே அதை எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தூறலில் ஓடலாம். வெள்ளம் தேங்கிய தெருவில் ஓடக் கூடாது: மூடி இல்லாத மழைநீர் வடிகால் தண்ணீருக்குக் கீழே தெரியாது, அறுந்த மின்கம்பியும் தெரியாது, காலில் வெட்டு இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும். இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள். மாற்றாக அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டில் 20 முதல் 30 நிமிடம் ஏறுங்கள். இறங்கும்போது நடங்கள், முழங்காலைக் கெடுப்பது இறக்கம்தான். மூடிய வாகன நிறுத்தத்தில் வட்டமடிப்பதும் சரியே. ஐந்து வட்டத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள்.

விட்ட ஓட்டத்தை அடுத்த வாரம் சேர்த்து ஓடிக் கடன் அடைக்க வேண்டாம். ஒரு வாரம் விட்டால், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரண்டு வாரம் போனால் இரண்டு படி பின்னால் போங்கள். கடைசி ஆறு வாரத்தில் மூன்று வாரம் போய்விட்டால் 10 கி.மீ. பிரிவுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

மழைக்காலக் காய்ச்சலை லேசாக எடுக்காதீர்கள். காய்ச்சலோடு ஓடினால் வைரஸ் இதயத் தசையைத் தாக்கும் ஆபத்து உண்டு. காய்ச்சல் விட்டுக் குறைந்தது ஒரு வாரம் ஓய்வு. டெங்கு என்றால் மருத்துவர் சொல்லும் வரை.

நனைந்த ஷூவின் உள் அட்டையை உருவிவிட்டுச் செய்தித்தாளைத் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள், மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் அடிப்பாகத்தின் ஒட்டு விடும்.

எங்கே ஓடுவது என்பதற்கு மெரினா, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைகள் போல வெளிச்சமும் ஆளரவமும் உள்ள இடம்தான் விடை. சாலையில் ஓட வேண்டி வந்தால் வலப்புறமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். வெளிர் நிற உடை, ஒளி பிரதிபலிக்கும் பட்டை, பையில் அவசரத் தொடர்பு எண் எழுதிய சீட்டு. காதில் பாட்டு வேண்டாம். தெருநாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், ஓடினால் துரத்தும். கடித்தாலோ பல் கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விடுகிற விஷயம் அல்ல அது.

தண்ணீர், உப்பு, சோறு

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதற்குப் பொது விடை கிடையாது. எடை பார்க்கும் மெஷின் சொல்லும். ஓட்டத்துக்கு முன் ஆடையில்லாமல் எடை பாருங்கள். சரியாக ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். 900 கிராம் குறைந்து, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 600 முதல் 800 மில்லி, ஓடும்போது குடித்தால் போதும். முழுவதையும் ஈடுகட்ட முயன்றால் வயிறு தளும்பும்.

அதிகம் குடிப்பதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்களிடம், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்களிடம், அது மிகுதியாக இருந்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று இரண்டு கோப்பை குடிப்பவர்தான் இதில் மாட்டுவார். முதல் ஹாஃப் ஓடுகிறவர் பெரும்பாலும் அந்த ஆள்தான்.

ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு ஓஆர்எஸ் கலந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்ட பொட்டலம்தான் வேண்டும், 20.5 கிராம் பொட்டலத்துக்குச் சரியாக 1 லிட்டர். மருந்துக்கடையில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பழச்சுவைப் பானங்களில் சர்க்கரைதான் தூக்கல். பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. எலுமிச்சை பிழிவது உங்கள் விருப்பம். இளநீர் ஓடி முடித்த பிறகு அருமை. ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. டி-சர்ட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும் ஆளுக்கு இளநீர் மட்டும் போதாது.

75 நிமிடத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு நடுவில் எதுவும் தின்ன வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் 45-ஆவது நிமிடத்தில் தொடங்கி மணிக்கு 30 முதல் 40 கிராம் மாவுச்சத்து. கொட்டை நீக்கிய சாதாரணப் பேரீச்சை நான்கில் சுமார் 20 கிராம் இருக்கும். ஓடுகிறவர்களுக்காகச் சிறு பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் 20 முதல் 25. ஜெல்லை வெறும் தண்ணீரோடு எடுங்கள். ஓஆர்எஸ்ஸோடு சேர்த்தால் வயிற்றுக்குள் சர்க்கரைப்பாகு ஆகிக் கலக்கும். கடலைமிட்டாய் சத்தானதுதான், ஆனால் ஓடும்போது தொண்டையில் அடைக்கும், கடலைக் கொழுப்பு செரிக்க நேரம் பிடிக்கும். எதுவாக இருந்தாலும் 9-ஆவது வார லாங் ரன்னிலிருந்தே பழக்குங்கள். குடலும் பயிற்சி எடுக்க வேண்டிய உறுப்புதான்.

வலி: எது சும்மா, எது ஆபத்து

இரண்டு காலிலும் ஒரேபோல் கனத்து, ஓட ஓடக் குறையும் வலி பயிற்சியின் சம்பளம். ஒரு பக்கம் மட்டும், ஓட ஓடக் கூடி, நடையையே மாற்றும் வலி நிறுத்தச் சொல்லும் வலி.

கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுக, நான்கைந்து விரல் நீளத்துக்கு நோகிறது என்றால் ஷின் ஸ்பிளின்ட். தூரத்தைப் பாதியாகக் குறைத்து, குதிகால் தூக்கும் பயிற்சியைத் தொடர்ந்தால் பெரும்பாலும் அடங்கும். ஒற்றை விரலால் ‘இதோ இங்கே’ என்று தொட்டுக்காட்ட முடிகிற வலி, ஒற்றைக்காலில் குதித்தால் சுரீரென்பது, இரவில் படுத்தாலும் விடாதது என்றால் எலும்பில் விரிசலோ என்று சந்தேகிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று ஓடப் போய்விடாதீர்கள், எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறதென்றால் பாதத்தின் அடிநார் வீக்கம். நம் வீடுகளில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பது இதை வளர்க்கும். வீட்டுக்குள் மெத்தென்ற செருப்பு போடுங்கள், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் 10 நிமிடம் உருட்டுங்கள். முழங்கால் சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது கூடுகிறது என்றால் எட்டி எட்டிக் கால் வைக்கிறீர்கள்; அடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு விழும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். முழங்காலின் வெளிப்பக்கம், சொல்லிவைத்தாற்போல் ஒவ்வொரு முறையும் அதே கிலோமீட்டரில் வலித்தால் சாலையின் சரிவைக் கவனியுங்கள். மழைத்தண்ணீர் வடிய ஓரம் தாழ்ந்திருக்கும் சாலையில் எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் ஒரு கால் மட்டும் பள்ளத்தில் ஓடுகிறது. சமதளத்துக்கோ பூங்கா நடைபாதைக்கோ மாறுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள், நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வலி என்ற எச்சரிக்கையையும் அணைத்துவிடும்.

தொடை இடுக்கு, அக்குள், ஸ்போர்ட்ஸ் பிராவின் பட்டை விளிம்பு ஆகிய இடங்களில் வாஸ்லின் தடவாவிட்டால் குளிக்கும்போது தெரியும். ஆண்களுக்கு மார்புக் காம்பில் மைக்ரோபோர் டேப்.

கடைசி இரண்டு வாரம்

18 கி.மீ. முடிந்ததும் தூரத்தைக் குறையுங்கள்: 15-ஆவது வாரம் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பந்தய வாரம் இரண்டே ஓட்டம், செவ்வாய் 5, வியாழன் 3. கால் கனக்கும், புதிது புதிதாக வலி முளைப்பதுபோல் இருக்கும்; பரீட்சைக்கு முன் வரும் வயிற்றுவலி மாதிரிதான் அதுவும். அந்தப் பயத்தில் கூடுதலாக ஓடிப் பார்க்காதீர்கள். புது ஷூ வாங்குவதானால் டிசம்பர் முதல் வாரத்துக்குள் வாங்கி, 50 கி.மீ.யாவது ஓடியிருக்க வேண்டும்.

முந்தைய நாள் இரவு 7 மணிக்குள் ரசம் சோறு, உருளைக்கிழங்கு. பரோட்டா, பிரியாணி, சுண்டல், கீரை வேண்டாம். எண்ணெயும் நார்ச்சத்தும் மறுநாள் பாதி வழியில் கழிப்பறை தேட வைக்கும். 5 மணி ஓட்டத்துக்கு மூன்றரைக்குள் இரண்டு இட்லி சர்க்கரை தொட்டு, அல்லது இரண்டு பிரெட் ஜாம், ஒரு வாழைப்பழம். வெண்பொங்கல் கூடாது, நெய் இறங்காது. காபி பழக்கமானால் முக்கால் மணி நேரம் முன்பு. லாங் ரன் நாட்களில் பால் காபி வயிற்றைப் புரட்டியிருந்தால் அன்று கடுங்காபி.

பந்தய நாள்

பிப்பை, அதாவது உங்கள் எண் அச்சிட்ட தாளை, நான்கு முனையிலும் ஊக்கு போட்டு மார்பில் குத்துங்கள். நேரம் பதியும் சிப் பின்னால் ஒட்டியிருக்கும், மடிக்காதீர்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால்தான் கழிப்பறை வரிசை முடியும். கோட்டின் முன்வரிசையில் நிற்க வேண்டாம், உங்கள் நேரம் நீங்கள் கோட்டை மிதிக்கும்போதுதான் தொடங்கும்.

முதல் 3 கி.மீ. இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 15 முதல் 20 விநாடி மெதுவாக. எல்லோரும் தாண்டிப் போவார்கள், போகட்டும். அவர்களில் பலரை 17-ஆவது கிலோமீட்டரில் மறுபடி பார்ப்பீர்கள். 3 முதல் 16 வரை இலக்கு வேகம். அதற்குப் பிறகு குறளின் நான்கு சீரோடு மூச்சு நின்றாலும் பரவாயில்லை. பாலம் ஏறும்போது வேகம் குறைந்தால் குறையட்டும், மூச்சு சீராக இருந்தால் போதும். உங்கள் கடிகாரம் 21.3, 21.4 என்று காட்டும். வளைவுகளில் உள்விளிம்பை விட்டு விலகி ஓடியதன் கணக்கு அது, தூரத்தைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்று சண்டை போட வேண்டாம்.

தண்ணீர் மேசைகளில் முதல் மேசையில் முட்டி மோதாமல் கடைசி மேசைக்குப் போங்கள். காகிதக் கோப்பையின் வாயைக் கிள்ளி மடித்து, பத்து அடி நடந்தபடி குடியுங்கள். வழியில் யாராவது நீட்டும் புது ஜெல்லைத் தொடாதீர்கள்.

வெயிலில் உடம்பு சிலிர்ப்பது, தலை சுற்றுவது, பேச்சு குழறுவது, எங்கே இருக்கிறோம் என்று குழம்புவது: இவற்றில் எது வந்தாலும் ஓட்டம் முடிந்தது. பக்கத்தில் ஓடுகிறவருக்கு அப்படி என்றால் நிழலில் கிடத்தி, தண்ணீரும் ஐஸும் உடம்பெங்கும் கொட்டிக்கொண்டே மருத்துவக் குழுவையோ 108-ஐயோ கூப்பிடுங்கள். வெப்பத்தாக்கில் முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது. நெஞ்சு இறுக்கத்துக்கும் நின்றுவிட வேண்டும், ஆனால் இதில் ஐஸ் வேண்டாம். உட்கார வைத்துவிட்டு உடனே உதவி கேளுங்கள்.

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள். கெண்டைக்காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். பத்து நிமிடம் நடங்கள். உப்புப் போட்ட மோர் இப்போது குடிக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் சோறும் முட்டையோ பருப்போ ஏதாவது. இரண்டு நாள் மாடிப்படி இறங்கும்போது பின்பக்கமாக இறங்கத் தோன்றும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளிலிருந்து நடை, ஒரு வாரம் கழித்து ஏழு சீர் வேகத்தில் 3 கி.மீ., வேகமான ஓட்டம் எதுவும் இரண்டு வாரத்துக்கு இல்லை. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தால் பிடுங்க வேண்டாம், புது நகம் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரச் சில மாதம் ஆகும். அடுத்த ஷூவை அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள்.